வைட்டமினை நம்பிய மேதை லைனஸ் பாலிங்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் 1901ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் லைனஸ் பாலிங் பிறந்தார். மருந்துக் கடை நடத்திவந்த தந்தையை ஒன்பதாம் வயதிலேயே இழந்தார். வேலை செய்துகொண்டே கல்லூரியில் பயின்றார். நாம் வகுப்பில் படிக்கும் வேதிப் பிணைப்பை ஆராய்ந்து 1954இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துப் போராடியதற்காக 1962ஆம் ஆண்டின் சமாதானப் பரிசும் அவருக்கே கிடைத்தது. இரண்டு நோபல் பரிசுகளை எவருடனும் பங்கிடாமல் பெற்றவர் உலகில் இவர் ஒருவரே!

இத்தகைய மேதையின் முதுமைக் காலம் ஒரு பெரும் விவாதத்தில் கழிந்தது. நெல்லிக்கனியிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி புற்றுநோயாளிகளின் வாழ்நாளை நீட்டிக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் யூவன் காமரன், முற்றிய நோயாளிகளுக்கு நாள்தோறும் சுமார் 10 கிராம் கொடுத்துவந்தார். முதல் சில நாட்கள் இரத்தக் குழாயில் செலுத்தி, பின்பு வாய்வழியாகத் தந்தார். நமக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே போதுமானது! இவ்விதம் மருந்து பெற்ற 100 பேரை, பெறாத 1000 பேரின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, முன்னவர்கள் நான்கு மடங்குக்கும் அதிகமாக வாழ்ந்தார்கள் என்று இருவரும் 1976இல் எழுதினர். ஒரே காலத்தில், சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு பிரிவுகள் அல்லவே இவை! மாயோ மருத்துவமனை முறைப்படி நடத்தி 1979இலும் 1985இலும் வெளியிட்ட சோதனைகளில் பயன் எதுவும் தென்படவில்லை. நோயாளிகள் முன்பே கடும் மருந்துகள் பெற்றவர்கள் என்றும், வைட்டமினை இடையில் நிறுத்திவிட்டார்கள் என்றும் பாலிங் சினத்துடன் வாதிட்டார்.

அச்சோதனைகளில் மருந்து வாய்வழியாகவே தரப்பட்டது. இரத்தக் குழாயில் செலுத்தினால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயரும் என்பது 2004இல் தெளிவாயிற்று. ஆராய்ச்சியும் புத்துயிர் பெற்றது. ஆயினும் இது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று இன்றளவும் நிரூபிக்கப்படவில்லை.

வைட்டமின்தானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்று நாம் நினைக்கலாம். உடலில் அதன் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது படிகங்களாகத் தங்கி, சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகும். உடலில் இரும்புச் சத்து தேங்கும் நோயுள்ளவர்களுக்கும் இது ஆகாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சில கருவிகள் தவறாக உயர்ந்த அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆவது? முதலில் பரிசோதித்து, தக்கவர்களுக்கு மட்டும் கொடுத்த ஆய்வுகளில் பெரும்பாலோர் இதைத் தாங்கிக்கொண்டார்கள்.

பாலிங்கே 1941இல் கடும் சிறுநீரக நோய்க்கு ஆளாகி, உணவுக் கட்டுப்பாட்டினால் பிழைத்தவர். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் நோயின் காரணத்தை 1949இல் கண்டறிந்தவரும் அவரே. இதை நினைக்கையில் நமக்கு வியப்பாக இருக்கிறது.

வைட்டமின் சி உட்கொண்டுவந்த அவருடைய மனைவி ஏவா ஹெலன் 1981இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். பாலிங்கும் புற்றுநோயால், 1994 ஆகஸ்டு 19ஆம் நாள், கலிபோர்னியாவில் பிக் சர் பகுதியிலிருந்த தமது பண்ணை வீட்டில், 93ஆம் வயதில் காலமானார். கடைசிவரை அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.