வாசிக்க வைத்த வடுவூரார்

மூடுபனி சூழ்ந்த இலண்டன் வீதி, குதிரை வண்டி, ஒரு கொலை, அதனைத் துப்புத் துலக்கும் ஓர் அறிவாளர். விக்டோரியா மகாராணியார் காலத்து மர்மங்களைச் சொல்லும் இத்தகைய திரைப்படங்களை நம் பிள்ளைகள் இமை கொட்டாது பார்க்கின்றனர். அக்காலத்து ஆங்கில மர்மக் கதைகளைத் தமிழ் மண்ணில் நடமாடவிட்டு, தமிழரைப் பெருந்தொகையாய் வாசிக்க வைத்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார்.

1880ஆம் ஆண்டில், தஞ்சைத் தரணியில் மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள வடுவூரில் அவர் பிறந்தார். கற்றுத் தேர்ந்து அரசாங்க உத்தியோகம் பெற்றார். ஊர் மதித்த அப்பதவியைத் துறந்து, எழுத்தையே தொழிலாக வரித்துக்கொண்டார். 'மனோரஞ்சனி' என்னும் மாத இதழின் வாயிலாகத் தம் நாவல்களை வாசகர் கைகளிற் சேர்த்தார்.

அது துப்பறியும் நாவல்கள் தமிழில் வேரூன்றிய காலம். 1887இல் ஆர்தர் கோனன் டாயில் அறிமுகப்படுத்திய ஷெர்லக் ஹோம்ஸ், ஆரணி குப்புசாமி முதலியாரின் எழுத்தில் ஆனந்தசிங் ஆனார். ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனைத் தந்தார். வடுவூராரின் துப்பறிவாளரோ திகம்பர சாமியார். ரேனால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியரைத் தழுவிய இடங்களிலும், கதை நடக்கும் தெருவும் வீடும் பேச்சும் தஞ்சைச் சீமைக்கே உரியனவாய் அமைந்தன. கடன் வாங்கிய விதை எனினும், விளைந்தது நம் வயலிலேயே.

அவருடைய 'மேனகா' முதலில் நாடக மேடை ஏறியது. 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில், டி. கே. எஸ். சகோதரர்களும் என். எஸ். கிருஷ்ணனும் நடிக்கத் திரைப்படமாயிற்று. 1942இல் அவர் மறைந்தார். எட்டு ஆண்டுகளின் பின், 'கும்பகோணம் வக்கீல்' நாவலைத் தழுவிச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'திகம்பர சாமியார்' படத்தை வெளியிட்டனர். பல மாறுவேடங்களிற் தோன்றிய எம். என். நம்பியார், அப்படத்தின் நாயகனாய் விளங்கினார்.

அவருடைய நடை வடசொல் மிகுந்தது. கருத்துகள் சில இன்று நமக்கு உடன்பாடாகா. கற்றோர் பலர் அந்நாவல்களை இலக்கியமென ஏற்றதுமில்லை. ஆயினும் அடுத்த பக்கத்தில் என்ன நிகழுமோ என்னும் ஆவலை அவர் வாசகர் நெஞ்சில் விதைத்தார். ஊரில் நாம் கற்பித்த காலத்தில், பாடநூலுக்குள் மர்ம நாவலை மறைத்து வாசித்த மாணவரைக் கண்டிருக்கிறோம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் இடர்ப்பாடு அவர்களிடம் இருந்ததேயில்லை!

புலம்பெயர்ந்து லவாலில் வாழும் நமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகள் வாரம் முழுவதும் பிரெஞ்சில் பயின்று, ஆங்கிலத்தில் விளையாடி, வார இறுதியில் மட்டும் தமிழுக்கு வருகின்றனர். இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும் இன்றியமையாதன. ஆனால், ஆவலின்றி வாசிப்பு நிலைக்காது. வாசிப்பின்றி இந்நாட்டில் நம் மொழி அடுத்த தலைமுறையைக் காணாது.

ஆதலின், பெற்றோரே, இரவில் ஒரு தமிழ் மர்மக் கதையை உரத்து வாசியுங்கள். முடிச்சு இறுகும் இடத்தில் நிறுத்தி, நூலை மேசைமீது விட்டுச் செல்லுங்கள். மிகுதியைப் பிள்ளையே வாசித்துக் கொள்ளும்.