திருக்காவலூர் என்று பெயரிட்டவர்

தஞ்சையிலிருந்து திருவையாறு வழியாகக் கொள்ளிடம் கடந்து, திருமானூருக்கு அப்பால் சென்றால் ஏலாக்குறிச்சி. நம் பங்கு மக்களுடன் அடைக்கல மாதா கோயிலுக்குத் திருயாத்திரை போனபோது ஒரு சிறுவன் கேட்டான்: கோயிலில் திருக்காவலூர் என்கிறார்களே, பஸ்ஸில் ஏன் ஏலாக்குறிச்சி என்று எழுதியிருக்கிறது, சாமி? நல்ல கேள்விதான்.

அப்பெயரைச் சூட்டியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி. சேசு சபைக் குருவாகி 1710இல் இந்தியா வந்தார். தஞ்சை நாட்டில் 1701இல் கலாபனை மூண்ட காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர்ப் பாளையக்காரர் சீமையில் ஒதுங்கி வாழ்ந்தனர். அஞ்சி வந்தவர்க்குக் காவலான ஊர் என்பதால் திருக்காவலூர் ஆயிற்று. அவ்வூர் அன்னைமீது கலம்பகமும் பாடினார்.

பெயரைப் பொருளறிந்து தமிழாக்குவது அவர் வழக்கம். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதியுடையவர். ஆகவே தைரியநாதர் ஆனார். அது வடசொல் என்று பின்னர் வீரமாமுனிவர் ஆனார் என்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருக்கம் என்று பொருள். தேம்பாவணியில் அவர் வளன். இறைவனின் இரக்கத்தைக் குறிக்கும் யோவான், கருணையன். ஞானஸ்நானத்தில் வாயில் நுழையாத பெயர்களைக் கேட்டு எழுதும்போதெல்லாம் அடியேனுக்கு இது நினைவுக்கு வரும்!

ஆனால் ஊர்ப்பெயரை மாற்றுவது எளிதன்று. குறிச்சி என்பது சிற்றூரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். உழுபவன் நாவில் ஏறிய பெயரைக் காவியப் புலவராலும் இறக்க முடியவில்லை. முனிவர் அங்கிருந்த நாளிலேயே இரு பெயர்களும் வழங்கின, இன்றும் வழங்குகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாளில் குறில் எகரத்தின்மேல் புள்ளி வைப்பர், நெடிலுக்குப் புள்ளியில்லை. ஓலை கிழியுமென்று புள்ளியையும் விட்டுவிட்டால், எரி எது, ஏரி எது? தண்ணீரை நம்பி வாழும் நம்மவர்க்கு இது சின்ன விஷயமா! நெடிலுக்குக் கீழே ஒரு கோடிழுத்து, ஏ என்று வேறுபடுத்தியவர் வீரமாமுனிவரே. ஓகாரத்தின் சுழியும் அவர் தந்ததே. அவர் சூட்டிய பெயர் பஸ்ஸில் ஏறவில்லை. ஆனால் அங்கே ஏலாக்குறிச்சி என்பதன் முதலெழுத்து அவர் திருத்தியபடிதான் நிற்கிறது.

1732இல் சதுரகராதி இயற்றினார். 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.