வலியின் அருமையை உணர்த்திய மருத்துவர்

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் பகுத்துரைக்கும் நம் ஆகமங்கள், தொடுவுணர்வையே முதற்பொறியாக வைக்கின்றன. நாவும் மூக்கும் கண்ணும் செவியும் இல்லாத ஓரறிவுயிரும் இவ்வொன்றைப் பெற்றிருக்கிறது. ஐந்து பொறிகளும் நிரம்பிய மனிதன் ஒருவன், அவற்றுள் முதலாவதை மட்டும் தன் கையிலும் காலிலும் இழந்துவிட்டால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் பால் பிராண்டு. மதத்தால் அவர் கிறித்தவர். பிறப்பாலும் பணியாலும் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தையும் சாஸ்திர தானத்தையும் ஒருங்கே செய்த அப்பெருந்தகையின் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

பிராண்டு 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் அம்மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயர். மலைப்பாதைகளிலும் மரங்களிலும் ஓடியாடி வளர்ந்த சிறுவன், ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929இல் தந்தை காய்ச்சலால் இறந்த செய்தி கடல் கடந்து அவனை எட்டியது. தாயாரோ மலைநாட்டுப் பணியைக் கைவிடாமல் முதுமை எய்தும் வரை தொடர்ந்தார்.

இளமையில் பிராண்டு முதலில் கற்றது மருத்துவமன்று, கட்டடத் தொழில். தச்சும் கொத்தும் பழகிய பின்னரே அவர் மனம் மருத்துவத்தில் திரும்பியது. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுகள் விழுந்த லண்டன் மாநகரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவாறே அறுவை மருத்துவம் பயின்றார். மரத்தின் இழையறிந்து உளி செலுத்திய கை, பின்னாளில் தசைநாண்களின் இழுவிசையறிந்து கத்தி செலுத்தியது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்கத் தாயகம் போன்ற தமிழகத்துக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு, டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது, அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. முழங்கைக்குக் கீழுள்ள தசைகள் பல பழுதின்றி இருக்கின்றன என்றால், அவற்றுள் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யவைக்கலாமே என்று எண்ணினார். அக்காலத்தில் தொழுநோயாளரைப் பொது மருத்துவமனைகள் வாயிலிலேயே திருப்பியனுப்பின. எலும்பு, தசைநாண் ஆகியவற்றைச் சீர்செய்யும் அறுவை மருத்துவர் எவரும் அவர்கள்பால் தம் கலையைச் செலுத்த முன்வரவில்லை.

கைகளில் தொடங்கிய பணி விரைவில் கால்களுக்கும் சென்றது. முழங்காலின் புறப்பக்கத்தில் ஓடும் நரம்பு நோயால் கெட்டுவிட்டால், முன்பாதத்தை உயர்த்த இயலாது. நடக்கையில் பாதம் தொங்கி, தரையில் இழுபடும். உடற்பாரம் வெளிவிளிம்பில் விழுந்து அங்கே புண் உண்டாகும். ஆயினும் கெண்டைக்காலின் உட்புறத்தே ஆழமாக அமைந்துள்ள தசையொன்று வேறு நரம்பால் இயங்குவதால் வலிமை குன்றாதிருக்கும். அதன் தசைநாணை விடுவித்து முன்புறம் கொணர்ந்து பாதத்தின் மேற்பகுதியில் பிணைத்தால், தொங்கிய பாதம் மீண்டும் எழும். இதுவரை பாதத்தைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் இழுத்த தசையை இனி மேல்நோக்கி இழுக்கப் பழக்க வேண்டும். ஆதலால் அறுவையோடு பணி முடிவதில்லை. வாரக்கணக்கில் பயிற்சி தேவை.

அடுத்து உள்ளங்காற் புண்கள். நோயாளியின் சதையே கெட்டது, அது ஆறாது என்பது அந்நாளைய நம்பிக்கை. பிராண்டு அதனை ஏற்கவில்லை. புண்ணுற்ற காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வளித்தபோது அது பிறர் புண்ணைப் போலவே ஆறியது. கட்டைப் பிரித்து நடந்தபின் மீண்டும் வந்தது. காரணம் புலப்பட்டது. நம் காலில் ஓரிடம் சற்றே நொந்தால், நாம் அறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறிடத்துக்குத் தள்ளுகிறோம். வலியுணர்வற்றவரோ ஆயிரமாயிரம் அடிகளை ஒரே இடத்தில் ஊன்றுகிறார். காலணியில் ஆணி தைத்தாலும் நில்லாது நடக்கிறார். அங்கங்களைச் சிதைப்பதில் பெரும்பங்கு இவ்வுணர்வின்மைக்கே உரியது என்று நிறுவியதே அவர்தம் தலையாய கண்டுபிடிப்பு. காலின் வடிவுக்கேற்ற, மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் இதன் பயனாகவே உருவாயின.

தாம் கண்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமையே அவர் பெருமை. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் அறுவை மருத்துவர்கள் வேலூருக்கும், 1955இல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி மையத்துக்கும் வந்து இக்கலையைப் பயின்றனர். அவரிடம் பயின்ற டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி கரிகிரியில் அப்பணியைத் தொடர்ந்ததோடு, இவ்வறுவை முறைகளை நூலாகவும் எழுதிப் பரப்பினார். 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவருக்கு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்யலாம் என்று வழிகாட்டி ஊக்கமூட்டியவரும் பிராண்டே. அவ்வம்மையார் பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். கற்பித்தல் மருத்துவரோடு நிற்கவில்லை. அவர் அமைத்த நவஜீவ நிலையத்தில், குணமடைந்தவர்கள் சீர்பெற்ற கைகளால் தச்சு முதலிய தொழில்களைக் கற்றனர்.

அவர் வாழ்வில் ஓரிரவு மறக்கவொண்ணாதது. அமெரிக்கப் பயணம் முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்து, நெடுநேரம் ரயிலில் அமர்ந்து லண்டனை அடைந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவியையும் மக்களையும் பிரிந்து வாழ வேண்டிய நிலையை எண்ணி உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், உயிர்போகும் வலி! ரயிலில் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. அன்று முதல் வலியைப் பகையாக அன்றி, உடலைக் காக்கும் காவலனாகவே அவர் போற்றினார்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, ஆய்வையும் போதனையையும் தொடர்ந்தார். சர்க்கரை நோயால் காலுணர்வு இழந்தோருக்கும் இம்முறைகள் பொருந்தும் என்பது அங்கு விளங்கிற்று. லாஸ்கர் விருது உள்ளிட்ட சிறப்புகள் பெற்ற அவர், 2003 ஜூலை 8ஆம் நாள் மறைந்தார்.

அவர் போதனை இன்று நம் இல்லங்களுக்கும் வேண்டுவது. வெறுங்காலோடு ஜினாலயத்தை வலம் வருவதும் மலைப்படி ஏறுவதும் நம் மரபு. சர்க்கரை நோயால் காலுணர்வு குன்றிய பெரியோர் உச்சிவேளையில் சுடுகல்லில் நடந்தால், கொப்புளம் எழுந்ததையும் அறியார். அவர்கள் வெயிலேறுமுன் தரிசனம் முடிப்பதும், நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்ப்பதும், பார்வை மங்கியோர்க்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வதும் நலம்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றான நிர்விசிகித்சை, அருவருப்பின்மையைக் கூறுவது. நோயுற்ற முனிவர்க்கு முகம் சுளியாது பணிசெய்த உத்தாயண மன்னனை அதற்குச் சான்றாகக் கேட்டு வளர்ந்தவர் நாம். உலகம் தொட அஞ்சிய பாதங்களைத் தம் மடியில் ஏந்தி, பிறரையும் ஏந்தக் கற்பித்த பிராண்டின் வாழ்வைப் படிக்கும்போது, அவ்வங்கம் ஏட்டோடு நிற்பதன்று என்பது தெளிவாகின்றது. நம் வீட்டு முதியோரின் பாதத்தைத் தொட்டு வணங்கும் இத்திருநாளில், அதனைச் சற்றே திருப்பி உள்ளங்காலையும் நோக்குவோமாக.