விரல் நுனிக்கு ஒளி தந்த லூயி பிறெயில்

பார்வையற்ற ஒருவரைக் காணும்போது நம்மில் பலருக்கு முதலில் எழுவது இரக்கம். கையில் ஒரு நாணயத்தை வைத்து, வாயால் ஓர் ஆறுதல் சொல்லிவிட்டு, நமது கடமை முடிந்ததென எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் அவருக்கு வேண்டியது இரக்கம் மட்டுந்தானா? இவ்வினாவுக்குத் தமது வாழ்க்கையாலேயே விடையளித்துச் சென்றவர் லூயி பிறெயில்.

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பரிஸுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கூப்வறே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் கடைசிப் பிள்ளையாக 1809ஆம் ஆண்டு தை மாதம் 4ஆம் திகதி அவர் பிறந்தார். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணிற் பாய்ந்தது. புண் அழற்சியுற்று மறு கண்ணையும் தாக்கியது. ஐந்து வயதளவில் சிறுவன் லூயியின் இரு விழிகளும் ஒளியிழந்தன.

பார்வையற்ற ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பிச்சையே பிழைப்பாக இருந்த காலம் அது. லூயியின் பெற்றோரோ மகனை மூலையில் முடக்கி வைக்கவில்லை. பங்குக் குருவாகிய பல்லுவி அடிகளார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு அவனும் அமர்ந்து, காதாற் கேட்டே கற்றான். 1819ஆம் ஆண்டில், பத்தாவது வயதில், பரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞருக்கான அரச நிறுவனத்திற் சேர்க்கப்பட்டான்.

அந்நிறுவனத்தை ஆரம்பித்த வலன்ரைன் ஹாயி என்னும் பெருந்தகை, சாதாரண எழுத்துக்களையே காகிதத்தில் மேலெழும்பப் பதித்து நூல்கள் செய்திருந்தார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தின் வடிவையும் விரலால் மெல்லத் தடவி அறியவேண்டும். நூல்களோ பருமனானவை, பாரமானவை, தொகையிலும் மிகச் சில. மாணவர் அவ்வெழுத்தைத் தம் கையால் எழுதுவதும் எளிதன்று. கண்ணுக்கென அமைந்த எழுத்தை விரலுக்குக் கொடுத்ததே அதன் குறை.

1821ஆம் ஆண்டில், சார்ல்ஸ் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, மேலெழும்பிய புள்ளிகளால் எழுதும் முறையொன்றை அங்கே அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வந்தன. ஒரு விரல் நுனிக்குள் அவை அடங்கவில்லை. ஆனால் கோட்டைவிடப் புள்ளியை விரல் விரைவாக அறியும் என்பதைச் சிறுவன் லூயி கண்டுகொண்டான். ஓய்வு நேரங்களிலெல்லாம் உழைத்துப் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். இரு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளிகள். ஒரே தொடுகையில் ஓர் எழுத்து! அந்த ஆறிலிருந்து 63 குறிகள் பிறந்தன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி யாவும் அவற்றுள் அடங்கின. கூரான சிறு கருவியால் காகிதத்தின் பின்புறத்திற் குத்தி எவரும் எழுதலாம். 1824இல் இதனை அமைத்து முடித்தபோது அவனுக்கு வயது 15.

1829இல் இம்முறையை விளக்கும் நூலை அவர் வெளியிட்டார். ஆலய வழிபாட்டுக் கீதங்களை எழுதும் வகையும் அதில் இருந்தது. தாம் கற்ற நிறுவனத்திலேயே ஆசிரியரானார். பரிஸில் புனித நிக்கலஸ் ஆலயத்தில் ஓர்கன் வாசித்துப் பணிபுரிந்தார்.

இத்துணை நன்மையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. பார்வையற்றோருக்குத் தனி எழுத்துக் கொடுத்தால் அவர்கள் மற்றவரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்று பார்வையுள்ளோர் வாதித்தனர். 1840இல் பொறுப்பேற்ற புதிய அதிபர் இம்முறையை வகுப்பிலிருந்து விலக்கினார். மாணவரோ அதனைக் கைவிடாது மறைவாக எழுதியும் வாசித்தும் வந்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அதன் பயன் எல்லார் முன்னிலையிலும் காட்டப்பட்டது. எனினும் நிறுவனம் அதனை முறைப்படி ஏற்றது 1854ஆம் ஆண்டிலேதான். அதைக் காண லூயி இருக்கவில்லை. இளமையிலேயே பற்றிய சயரோகம் அவரை மெல்ல மெல்ல உருக்கி, 1852ஆம் ஆண்டு தை 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, 43ஆவது வயதில் கொண்டு சென்றது.

திறவாமல் எரித்துவிடுமாறு சொல்லி ஒரு சிறு பெட்டியை அவர் விட்டுச் சென்றிருந்தார். பின்னர் அதைத் திறந்தபோது, மாணவர்கள் அவரிடம் கடன் பெற்றதற்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் காணப்பட்டன. இறக்கும்போதே அக்கடன்களை மன்னித்துவிட்டார். கொடுத்ததை எவரும் அறியாதிருக்கவும் விரும்பினார்.

1952இல் அவருடைய உடல் பரிஸில் பெரியோர் துயிலும் பந்தியோன் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைகள் மட்டும் கூப்வறேயிலேயே வைக்கப்பட்டன. இன்று நம் தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகின்றது.

பார்வையுள்ளோர் நல்லெண்ணத்தோடு செய்த எழுத்து பயன் குறைந்ததாயிற்று. பார்வையற்ற ஒரு சிறுவன் தன் விரலைக் கேட்டுச் செய்த எழுத்து நிலைத்தது. ஊனமுற்ற ஒருவருக்கு உதவ முன்வரும் நாம், அவருக்கு எது வேண்டுமென்று அவரிடமே முதலிற் கேட்கின்றோமா? கூப்வறேயின் பங்குக் குருவும் பெற்றோரும் அற்புதம் எதுவும் செய்யவில்லை. மற்றப் பிள்ளைகளின் வாங்கிலே அவனுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். நமது பங்கிலும் வீட்டுக்குள் ஒதுக்கப்பட்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அத்தகைய இடத்தைக் கொடுப்பது நம்மால் இயலாத காரியமன்று.