வைத்தியர் ஜோன் ஸ்னோ

இங்கிலாந்திலே யோர்க் நகரில், கூலித் தொழிலாளி ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராக 1813ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோன் ஸ்னோ. பதினான்காம் வயதில் நியூகாசில் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பதினேழாம் வயதிலே புலாலுணவை விலக்கினார். பின்னர் மதுவிலக்கும் போதித்தார். இதனை நம் சங்கத்துப் பெரியோர் கேட்டு மகிழ்வர். 1853இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவ வேளையில் குளோரபோம் கொடுத்தவரும் இவரே. எனினும் நாம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக.

துர்நாற்றக் காற்றே வாந்திபேதியைப் பரப்புகின்றதென அக்காலத்து வைத்தியருட் பெரும்பாலோர் நம்பினர். குடிநீரே காரணமென 1849இல் ஸ்னோ நூலெழுதினார், ஏற்றவர் சிலரே. 1854 ஆகஸ்ட் 31 இரவு இலண்டனில் சோஹோப் பகுதியை அந்நோய் பற்றியது. ஸ்னோ இறந்தோர் பட்டியலைப் பெற்று வீடுவீடாக விசாரித்தார். மரணங்கள் புரோட் வீதிப் பம்பைச் சுற்றியே மலிந்திருந்தன. அருகிருந்த ஏழைகள் விடுதியிலோ, சொந்தக் கிணறு இருந்தமையால், 535 பேருள் ஐவரே இறந்தனர். பியர் தொழிற்சாலையில் ஒருவரும் இறக்கவில்லை; அங்குள்ளோர் பம்பு நீரைத் தொடுவதில்லையாம். மதுவிலக்குப் பேசியவருக்குப் பியர் சாட்சி சொன்னது வேடிக்கைதான். தொலைவிலே ஹம்ஸ்ரெட்டில் ஒரு விதவை இறந்தார். முன்பு புரோட் வீதியில் வாழ்ந்த அவர், அந்நீரின் சுவையை விரும்பித் தினமும் வருவித்துக் குடித்தவர்.

செப்டெம்பர் 7ஆம் திகதி ஸ்னோ கோயிற்பற்றுச் சபையார் முன் சென்று வாதாடினார். மறுநாள் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதனால் நோய் நின்றதென்று கதை சொல்வர். சனங்கள் ஊரைவிட்டு ஓடியமையால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருந்தது. ஸ்னோ அதனை மறையாது எழுதினார். நமக்கு அவர்மேல் மதிப்பு உயர்வது இவ்விடத்திலேதான்.

அவர் கொள்கையை மறுக்கப் புறப்பட்ட வைற்ஹெட் என்னும் இளம் பாதிரியார், விசாரிக்க விசாரிக்க அவர் பக்கமே சாய்ந்தார். நோயுற்ற குழந்தையொன்றின் துணி கழுவிய நீர் வீட்டு மலக்குழியிற் சேர்ந்ததை அவரே கண்டார். 1855இல் தோண்டியபோது, அக்குழி கிணற்றுக்கு மூன்றடியிலும் குறைவான தூரத்திலே, செங்கல் சிதைந்து கசிந்தபடி இருந்தது. நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கசிவு வெடிப்புகளூடே கிணற்றை அடையவல்லது. வளவு பிரிந்து சிறுக்கச் சிறுக்க, அயலவர் மலக்குழி நம் கிணற்றை நெருங்குகின்றது. சுகாதாரப் பரிசோதகர் தூரம் அளக்க வந்தால் முகஞ் சுளிப்போர் இதனை எண்ணுவார்களாக.

அரசாங்கம் அமைத்த விசாரணைக்குழு ஸ்னோவின் கருத்தை 1855இல் ஏற்கவில்லை. அவர் 1858 ஜூன் 16ஆம் திகதி, 45ஆம் வயதிற் காலமானார். பிரபல வைத்திய சஞ்சிகையான லான்செற் வெளியிட்ட சிறு மரணக் குறிப்பிலே குளோரபோம் ஆராய்ச்சி இருந்தது. வாந்திபேதி பற்றி ஒரு சொல்லும் இல்லை.