முகங்கொடுத்தவர்

தீப்புண் பிரிவில் செவிலியரான என் தாயார் ஒருமுறை சொன்னார்: கட்டுப் பிரிக்கும்போது எது நேர்ந்தாலும் நம் முகம் சுளிக்கக் கூடாதாம். அச்சொல்லே ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோவின் வரலாற்றை என்னைத் தேடிப் படிக்கவைத்தது.

1900-இல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்தவர். லண்டனில் தம் உறவினர் ஹரால்டு கில்லீஸின் துணையோடு முகச் சீரமைப்பு அறுவையில் இறங்கினார். செல்வர்களின் மூக்கை அழகுபடுத்திப் பொருளீட்டிய கைதான் அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. எரிந்த விமானங்களிலிருந்து தப்பிய இளைஞர்கள், இமையும் மூக்கும் இழந்து, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையின் மூன்றாம் வார்டை அடைந்தார்கள். அன்று புண்மேல் டானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது ஓடுபோல் இறுகி விரல்களை முடக்கும். கடலில் விழுந்தவர்களின் புண் நன்றாக ஆறியதைக் கண்ட மெக்கிண்டோ, வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியைக் கொண்டுவந்தார். ஒட்டிய துணி நீரில் ஊறிக் கழன்றது; செவிலியர் பிய்த்தெடுக்க வேண்டியதில்லை. இதைப் படித்துக் காட்டியபோது என் தாயார் வெகுநேரம் பேசவில்லை.

ஒரு முகத்துக்குப் பல அறுவைகள், பல ஆண்டுகள். அதுவரை மனம் தாங்குமா? வார்டிலேயே பீர்ப் பீப்பாய் வைத்தார். நம் ஊர் மேட்ரன் சம்மதிப்பாரோ, அறியேன்! நோயாளிக்குரிய நீல உடையை ஒழித்து, சொந்தச் சீருடை அணியவிட்டார். அவர்களை வெறித்துப் பாராமல் வீட்டுக்கு அழைக்கும்படி ஊராரை வேண்டினார். ஊரும் அழைத்தது. 1941-இல் அந்த இளைஞர்கள், தம்மையே சோதனைப் பிராணிகள் எனக் கேலி செய்து தொடங்கிய கினிப்பன்றிச் சங்கத்தில், போர் முடிவில் 649 பேர் இருந்தனர்.

1960-இல் அவர் மறைந்தார். விமானப்படையில் சேராமலே வாழ்ந்த அவரது சாம்பலை, லண்டனிலுள்ள விமானப்படைத் தேவாலயம் ஏற்றுக்கொண்டது.