வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 – பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் புதின எழுத்தாளர், இதழாசிரியர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். 115 புதினங்களை எழுதிய இவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். முதல் நூலை இயற்றியபோது அதைத் தாமே எழுதிமுடிக்கும் அளவுக்கு இவருக்கு எழுத்துப் பயிற்சியும் இருக்கவில்லை.

பிறப்பும் குடும்பமும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நீர்வளூர் என்னும் சிற்றூரில் வெங்கடாச்சாரி, பட்டம்மாள் இணையருக்குப் பிறந்தார். திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள இவ்வூர், தற்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு வயதிலேயே தாயை இழந்ததால் உறவினர்களின் அரவணைப்பில் வளர்ந்தார்.

அக்கால வழக்கப்படி 1907 இல், ஐந்து வயது கடந்த நிலையில், இவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை. மு. பார்த்தசாரதி. பெயரின் முன்னுள்ள வை. மு. என்பது கணவர் குடும்பத்தின் வைத்தமாநிதி முடும்பை என்னும் பெயரின் சுருக்கமாகும். குழந்தை மணங்கள் பெரும்பாலும் பெண்ணின் கல்வியை முடித்துவைத்த காலத்தில், இவருடைய கல்வி புகுந்த வீட்டிலேயே தொடங்கியது. மாமியாரிடம் தெலுங்கும் திருவாய்மொழியும் கற்றார். கணவர் இவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். இரவில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பழக்கமும் இவருக்கு இருந்தது.

முதல் நூல்

நாடகங்களைப் பார்த்த ஆர்வத்தில் தாமும் ஒன்றை இயற்ற விரும்பினார். இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் (தாயின் பெயரே இவருக்கும்) எழுதிக்கொடுத்தார். இவ்வாறு உருவான இந்திர மோகனா என்னும் நாடகம் 1924 இல் அச்சாகியது. பிறகு தாமே எழுதவும் தேர்ந்தார்.

ஜகன்மோகினி

முதல் புதினமான வைதேகி, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மனோரஞ்சனி இதழில் வெளிவரத் தொடங்கியது. 1925 இல், நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழை வாங்கி அதன் ஆசிரியரானார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதை நடத்தினார். இன்றைய வாசகருக்கு இவருடைய கதைகள் நீளமாகவும் அறிவுரை மிகுந்தும் தோன்றலாம். எனினும் கைம்பெண் மறுமணம், மதுவிலக்கு போன்றவற்றை வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் கொண்டுசென்றவை அவை.

விடுதலைப் போராட்டம்

1925 இல் காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகைகளையும் துறந்து கதர் அணிந்தார். மேடைப் பேச்சாளராகவும் பாடகராகவும் விளங்கியதால் கூட்டங்களில் பெரிதும் விரும்பப்பட்டார். கள்ளுக்கடை, அன்னியத் துணிக்கடை மறியல்களில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் புதினம் எழுதினார். வெளியே இதழைக் கணவர் கவனித்துக்கொண்டார். காந்தியின் மறைவுக்குப் பிறகு, 1948 இல் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கிப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குச் சிங்கப்பெருமாள்கோயிலில் தமக்கிருந்த 10 ஏக்கர் நிலத்தை வழங்கினார். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் சாலை முடியும் ஊர் அது. வழி நெடுகிலும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன.

திரைப்படங்கள்

ராஜமோகன் (1937), அனாதைப் பெண் (1938) ஆகியவை இவருடைய புதினங்களைத் தழுவியவை. தயாநிதி என்ற புதினம் சித்தி என்னும் பெயரில் 1966 இல் திரைப்படமானது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

மறைவு

1956 இல் மகன் சீனிவாசன் இறந்தார். அந்த இழப்பிலிருந்து கோதைநாயகி மீளவில்லை, எழுத்தும் குறைந்தது. காசநோய்க்கு ஆளாகித் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1960 பெப்ரவரி 20 அன்று அங்கேயே காலமானார்.